விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம்

வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் உறவினர் வீடு. கல்லூரியில் படிக்கும் அந்த வீட்டுப் பெண், ஆன்லைனில் ஒரு பாவாடை வரவழைத்திருந்தாள். விலையைக் கேட்டால் உங்களுக்குத் தலை சுற்றும், அதனால் விட்டுவிடுகிறேன். பார்சலைப் பிரித்தால், பிழிந்துவிட்டு உதற மறந்துபோன துணி மாதிரி முறுக்கிக் கட்டிய ஓர் உருண்டை! அவிழ்த்து உதறினாள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நூற்றுக்கணக்கான மெல்லிய சுருக்கங்கள். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

அந்த அழகு ஒருநாள்கூட நீடிக்கவில்லை. ‘பிள்ளை உடுத்துற துணி இப்பிடிக் கசங்கிக் கெடக்கே’ என்று மனசு கேட்காத அப்பத்தா, தண்ணீர் தெளித்துத் தெளித்து, ஒரு சுருக்கம் பாக்கி விடாமல் இஸ்திரி போட்டு, நாலாக மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டார். பெண் குளித்துவிட்டு வந்து பார்த்தாள். அப்புறம் என்ன... வீடு இரண்டுபட்டது.

“நல்லது செஞ்சதுக்கு இப்பிடி அழுதா நா என்னத்தா செய்ய? காசு குடுத்துக் கசங்குன துணிய வாங்குவாகளா யாராவது?”

“அப்பத்தா, அது கசங்கல் இல்ல. அதுதான் ஸ்டைல். அதுக்குப் பேரே ப்ரூம்ஸ்டிக் ஸ்கர்ட்!”

“அப்பிடின்னா?”

பெண் கொஞ்சம் தயங்கினாள். “விளக்குமாத்துக் கம்புப் பாவாடை.”

அப்பத்தா அரை நிமிஷம் யோசித்தார். “நம்ம விளக்குமாத்துல கம்பு ஏது?”

நியாயமான கேள்விதானே? நம் ஊர் விளக்குமாறு தென்னை ஈர்க்கைச் சேர்த்துக் கட்டியது. கைப்பிடி என்று தனியாக ஒன்று கிடையாது. குனிந்துதான் பெருக்க வேண்டும். அமெரிக்காவில் நின்றுகொண்டே பெருக்குவார்கள். அதற்காக நாலைந்து அடி உயரத்துக்கு வழவழப்பான மரக்கம்பு ஒன்றை விளக்குமாற்றில் செருகியிருப்பார்கள். ஈரப் பாவாடையை அந்தக் கம்பைச் சுற்றிச் சுருட்டி, வரிசையாகக் கயிறு கட்டிக் காயவிடுவார்கள். காய்ந்தபின் அவிழ்த்தால் சுருக்கம் நிற்கும். பெயர்க் காரணம் அவ்வளவுதான்.

“வெளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சமாங்கிற கதையால்ல இருக்கு” என்று சொல்லிவிட்டு அப்பத்தா எழுந்து போய்விட்டார். ஆனால், இந்தப் பாவாடையின் கதையை முழுக்கக் கேட்டால், இதில் எது விளக்குமாறு, எது பட்டுக்குஞ்சம் என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும். கொஞ்சம் பொறுமையாக என்னோடு வாருங்கள். அந்த வீட்டிலிருந்து வண்டியில் சிறிது நேரம் போனால் வரும் ஒரு மண்மேட்டில் கதையைத் தொடங்கலாம்.

*

வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் என்று ஓர் ஊர். அங்குள்ள மேட்டுக்கு ‘உச்சிமேடு’ என்று பெயர். வெம்பக்கோட்டை அகழாய்வு என்று செய்திகளில் படித்திருப்பீர்களே, அது நடந்த இடம் இதுதான். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இங்கே அகழாய்வைத் தொடங்கித் தோண்டியது. தங்க அணிகள், சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், திமில் காளை செதுக்கிய சூதுபவள மணி எனக் கிடைத்தவை ஏராளம். பத்திரிகைகளில் பெரிதாகப் படம் வந்தது தங்கத்துக்கும் காளைக்கும்தான்.

அதே குழிகளில் இன்னொரு பொருளும் கிடைத்தது. களிமண்ணில் செய்து சுட்ட, நடுவில் துளை போட்ட ஒரு சின்ன வட்டு. பார்த்தால் பிள்ளைகள் விளையாடித் தூக்கிப்போட்ட பொம்மைச் சக்கரம் மாதிரி இருக்கும். ‘தக்களி’ என்கிறார்கள். அந்தத் துளையில் ஒரு குச்சியைச் செருகி, நுனியில் பஞ்சைச் சுற்றி, விரலால் ஒரு திருகு திருகிவிட்டால் பம்பரம் போலச் சுழலும். சுழலச் சுழலப் பஞ்சு முறுக்கேறி நூலாகும். காந்தியடிகளின் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் இருந்ததும் இதே தக்களியின் தம்பிதான்.

யோசித்துப் பாருங்கள். பஞ்சை இழுத்தால் பிய்ந்துபோகும். அதையே முறுக்கிவிட்டால் ஆள் தொங்கும் கயிறாகும். மனிதன் துணி கட்டத் தொடங்கியதன் அடிப்படையே இந்த முறுக்குதான். அமெரிக்க விளக்குமாற்றுக் கம்பில் நடப்பதும் அதுவே. அங்கே நூலுக்கு முறுக்கு, இங்கே துணிக்கு முறுக்கு. இரண்டிலும் ஒரு குச்சி.

உச்சிமேட்டில் அந்தத் தக்களியைச் சுழற்றிய கை யாருடையது? பெயர் கிடையாது. சங்கப் பாடல்களில் நூல் நூற்றுப் பிழைக்கும் பெண்கள் வருகிறார்கள். கணவனை இழந்தவர்களின் தொழிலாகவே அது பேசப்படுகிறது. காளை பொறித்த சூதுபவளத்தை அணிந்தவர் செல்வராக இருந்திருப்பார். தக்களி சுற்றியவர் அப்படி இருந்திருக்க வாய்ப்பு குறைவு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை நெடுக இதே இரண்டு பேர்தான் வரப்போகிறார்கள்: துணியைச் செய்தவர் ஒருவர், அதனால் பெயர் பெற்றவர் இன்னொருவர்.

*

துணியில் மடிப்பு வைப்பது எவ்வளவு பழைய கலை தெரியுமா? 1913-ல் எகிப்தின் தர்கான் என்ற இடத்தில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆய்வாளர் பழைய கல்லறைகளைத் தோண்டினார். அழுக்குத் துணிமூட்டை ஒன்று கிடைத்தது. லண்டன் அருங்காட்சியகத்தில் அது அப்படியே கிடந்தது. 1977-ல்தான் சுத்தம் செய்வதற்காகப் பிரித்தார்கள். உள்ளே ஓர் உடை! கழுத்து, தோள், கை என்று வரிசையாக மெல்லிய மடிப்புகள் வைத்துத் தைத்த ஆளிநார்ச் சட்டை. கரிமக் கணக்குப்படி அது கி.மு. 3482-க்கும் 3102-க்கும் இடைப்பட்டது என்று 2016-ல் அறிவித்தார்கள். உலகில் கிடைத்திருக்கும் நெய்த உடைகளிலேயே மிகப் பழையது அதுதான். முழங்கையிலும் அக்குளிலும் உடுத்திக் கசங்கிய கோடுகள்கூட அப்படியே இருந்தன. ஐயாயிரம் வருஷத்துக் கசங்கல்! நல்லவேளை, அதைப் பிரித்தபோது பக்கத்தில் எந்த அப்பத்தாவும் இல்லை.

அங்கிருந்து நம் கரைக்கு வருவோம். கோழிக்கோட்டைப் போர்ச்சுகீசியரும் ஆங்கிலேயரும் ‘காலிகட்’ என்றார்கள். அந்தத் துறைமுகத்தின் பெயரால் இந்தியப் பருத்தித் துணிக்கே ‘காலிகோ’ என்ற பெயர் வந்தது. மெல்லிய துணி, சாயம் போகாத பூ வேலை. பதினேழாம் நூற்றாண்டில் லண்டன் பெண்கள் அதில் மயங்கிப் போனார்கள். கம்பளி நெய்பவர்களுக்குப் பிழைப்பு போய்விடும் என்ற பயம். இங்கிலாந்தின் நாடாளுமன்றம் 1700-ல் ஒரு சட்டம், 1721-ல் அதைவிடக் கடுமையாக ஒரு சட்டம் என்று போட்டுக் காலிகோவைத் தடுத்தது. 1719-ல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, காலிகோ உடுத்திப் போன பெண்களை மறித்து உடையைக் கிழித்தார்கள். யார் மீது கோபம், யார் உடை கிழிந்தது, பாருங்கள்!

தடை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மேல்நாட்டு ஆலைகள் அந்தத் துணியைத் தாங்களே செய்யக் கற்றுக்கொண்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பூப்போட்ட பருத்தித் துணி மலிவுச் சரக்காகிவிட்டது. ஆனால், பெயர் மட்டும் காலிகோதான். கேரளக் கரையில் பிறந்த அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு அந்தத் துணி அமெரிக்கப் பாலைவனம் வரைக்கும் போனது. நம் பாவாடையின் கதை உண்மையில் அங்கேதான் தைக்கப்பட்டது.

*

அமெரிக்காவின் தென்மேற்கில் நவஹோ என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். தங்களை அவர்கள் ‘டினே’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆடு வளர்ப்பதிலும் கம்பளி நெய்வதிலும் கைதேர்ந்தவர்கள். அந்தப் பெண்கள் அப்போது பாவாடை உடுத்தியதில்லை. தாங்களே நெய்த கம்பளித் துண்டு இரண்டை முன்னும் பின்னும் வைத்துத் தைத்து உடுத்தினார்கள். அவ்வளவு நேர்த்தியான நெசவு.

1863-64-ல் அமெரிக்க ராணுவம் அவர்கள் நாட்டுக்குள் புகுந்தது. தளபதி கிட் கார்சன். பயிரைக் கொளுத்தினார்கள். பீச் மரத் தோப்புகளை வெட்டிச் சாய்த்தார்கள். ஆட்டு மந்தைகளைக் கொன்றார்கள். ஆடு போனால் கம்பளி ஏது, கம்பளி போனால் உடை ஏது? பட்டினியால் சரணடைந்தவர்களை ராணுவம் முந்நூறு மைலுக்கு மேல் நடத்தியே கூட்டிப்போனது. கர்ப்பிணிகளும் கிழவர்களும் வழியில் விழுந்தார்கள். அதை ‘நீண்ட நடை’ என்று அந்த மக்கள் இன்றும் சொல்கிறார்கள். போஸ்கே ரெடோண்டோ என்ற வறண்ட இடத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டார்கள்.

அங்கே அவர்களுக்குக் கிடைத்தது மாவும் மலிவான காலிகோ துணியும்தான். நெசவாளிகளின் கையில் அடுத்தவர் நெய்த துணி! எதிரில் ராணுவ அதிகாரிகளின் மனைவிமார் குடைபோல விரிந்த பாவாடைகளில் நடமாடினார்கள். நவஹோ பெண்கள் பார்த்தார்கள். கிடைத்த துணியை வெட்டினார்கள். சுருக்கு வைத்து அடுக்கடுக்காகத் தைத்தார்கள். 1868 ஜூன் 1-ல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, சொந்த மண்ணுக்குத் திரும்பியபோது அந்தப் பாவாடையும் கூடவே வந்தது. ஒப்பந்தத்தில் 15,000 ஆடுகள் தருவதாக ஒரு பிரிவு இருந்தது. மந்தை பெருகியது, தறியும் திரும்ப ஓடியது. ஆனால், பெண்கள் பாவாடையை விடவில்லை. அதோடு வெல்வெட் மாதிரியான துணியில் ஒரு மேல்சட்டையையும் வெள்ளியும் நீலக்கல்லும் கோத்த மாலையையும் சேர்த்துக்கொண்டார்கள். சிறையில் கிடைத்த துணி, தலைமுறை கடந்து திருவிழா உடையாகிவிட்டது. இன்றும் நவஹோ மூதாட்டிகள் விசேஷங்களுக்கு அதைத்தான் உடுத்துகிறார்கள்.

எண்பது வருஷம் கழித்துக் கதை திரும்புகிறது. 1940-களின் இறுதியில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரத்து உடை வடிவமைப்பாளர்கள் இந்த அடுக்குப் பாவாடையைக் கையில் எடுத்தார்கள். பழங்குடிப் பெண்களிடமும் மெக்சிகோ பெண்களிடமும் பார்த்த வடிவங்களைக் கலந்து, பளபள நாடா வைத்துத் தைத்தார்கள். 1950-களில் அமெரிக்கா முழுக்க அதுதான் மோஸ்தர். ஈரத்தோடு விளக்குமாற்றுக் கம்பில் சுற்றிக் காயவைப்பது வீட்டுக்கு வீடு நடந்தது.

கடைக்காரர்கள் அந்த உடைக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘ஸ்குவா’ உடை. பழங்குடிப் பெண்ணைக் கேவலமாகக் குறிக்கும் வசைச்சொல் அது. உடுத்தியவர்கள் சீமாட்டிகள், பெயரோ வசை! 2022 செப்டம்பரில்தான் அமெரிக்க அரசு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருந்த ஏறத்தாழ 650 இடங்களின் பெயரை மாற்றியது. மலைக்கும் ஓடைக்கும் பெயர் மாறியது. அதற்கு வெகு முன்பே பாவாடையின் அந்தப் பெயர் தானாக உதிர்ந்து, ‘ப்ரூம்ஸ்டிக்’ மட்டும் எஞ்சியிருந்தது. வசை போனது நல்லதுதான். ஆனால், அதோடு இது யாருடைய உடை என்ற தகவலும் சேர்ந்து போய்விட்டதே! எஞ்சியது விளக்குமாறு மட்டும்.

*

‘அதெல்லாம் அமெரிக்காவில்...’ என்று நாம் நிம்மதிப் பெருமூச்சு விட முடியாது. சிவகாசியிலோ சாத்தூரிலோ பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சுற்றிப் பாருங்கள். ஊசியும் பாசிமணியும் விற்கும் நரிக்குறவர் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சுருக்கு வைத்த வண்ணப் பாவாடை, கழுத்து நிறைய மணிமாலை. நாம் எத்தனை பேர் அந்த உடையை உடை என்று கவனித்திருக்கிறோம்? அதே அடுக்குப் பாவாடையும் மணிமாலையும் மாநகரத்துக் கண்ணாடிக் கடையில் பொம்மை மேல் தொங்கினால் ‘போஹோ’ ஸ்டைல் என்று எழுதி, விலைச்சீட்டும் மாட்டிவிடுகிறார்கள். நரிக்குறவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர நாற்பது, ஐம்பது வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாடாளுமன்றத்தில் மசோதா நிறைவேறியது 2022 டிசம்பரில், சட்டம் நடைமுறைக்கு வந்தது 2023 ஜனவரியில். அவர்கள் பாவாடை மாதிரியான ஒன்று அதற்கு எவ்வளவோ முன்பே கடைகளுக்குள் போய்விட்டது. பாவாடைக்குக் கிடைத்த மரியாதை அதை உடுத்தியவர்களுக்குத் தாமதமாகத்தான் வருகிறது.

பணக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. வெனிஸ் நகரத்தில் மரியானோ ஃபார்ச்சூனி என்று ஒருவர். 1907 வாக்கில் ‘டெல்ஃபோஸ்’ என்ற பட்டு அங்கியைச் செய்தார். கழுத்திலிருந்து தரை வரை நூலிழை போன்ற மடிப்புகள். கண்ணாடி மணிகள் வேறு. விற்கும்போது அதை நூல்கண்டு மாதிரி முறுக்கி, ஒரு வட்டப்பெட்டியில் சுருட்டி வைத்துக் கொடுத்தார். ஆம், வெம்பக்கோட்டைக்கு வந்த பார்சல் மாதிரியேதான்! நனைந்து மடிப்பு போய்விட்டால் சீமாட்டிகள் வெனிஸுக்குத் திருப்பி அனுப்புவார்கள். அவர் மடித்து அனுப்புவார். எப்படி மடித்தார் என்ற ரகசியம் 1949-ல் அவரோடு போய்விட்டது. ரகசியம் காத்த மடிப்புக்கு அருங்காட்சியகம் கிடைத்தது. ரகசியமே இல்லாமல் முற்றத்தில் வைத்துச் செய்த மடிப்புக்கு விளக்குமாற்றுப் பெயர் கிடைத்தது.

*

சரி, அப்பத்தா இஸ்திரி போட்ட பாவாடைக்கு வருவோம். போன சுருக்கம் திரும்ப வருமா? தாராளமாக வரும். இரண்டு நாளும் ஒரு கம்பும் போதும்.

பருத்தி இழைக்குள் நீண்ட சங்கிலிகள் பக்கம் பக்கமாகக் கைகோத்து நிற்கின்றன. தண்ணீர் உள்ளே போனதும் கோத்த கைகள் விடுபடுகின்றன. தண்ணீர் வெளியேறும்போது, துணி எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் திரும்பக் கோத்துக்கொள்கின்றன. தட்டையாகக் காய்ந்தால் தட்டை, முறுக்கிக் காய்ந்தால் முறுக்கு. அதனால்தான் தண்ணீர் தெளித்துத் தேய்த்ததும் சுருக்கம் போனது. நனைத்து முறுக்கினால் திரும்பவும் வரும்.

பாலியஸ்டர் அப்படியில்லை. அது தண்ணீரை அண்டவிடாது. சூட்டுக்குத்தான் பணியும். ஜப்பானின் இஸ்ஸே மியாகே 1980-களின் இறுதியில் அந்த வழியைப் பிடித்தார். உடையை இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாகத் தைத்து, காகிதத்துக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்துவார். அந்த மடிப்பு துவைத்தாலும் போகாது. சௌகரியம்தான். ஆனால், நீங்கள் வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இருந்தால் அந்தச் சௌகரியத்தைப் பற்றி இன்னொரு முறை யோசிக்க வேண்டும்.

இங்கே சுற்றிலும் பட்டாசு ஆலைகள். மருந்து அறைக்குள் வேலை செய்கிறவர்கள் பருத்தி உடைதான் உடுத்த வேண்டும் என்பது அங்கே பாலபாடம். ஏன்? செயற்கை இழை உரசும்போது மின்னேற்றம் சேரும். குளிர்காலத்தில் ஸ்வெட்டரைக் கழற்றினால் படபடவென்று பொறி பறக்குமே, அதுதான். மற்ற இடங்களில் அது வேடிக்கை. வெடிமருந்துக்குப் பக்கத்தில் உயிர் போகும். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்கிறது. அதன் எடையில் ஏறத்தாழ எட்டு சதவீதம் ஈரம்தான். பாலியஸ்டரில் அரை சதவீதம்கூட இல்லை. அந்த ஈரம், சேரும் மின்னேற்றத்தை மெல்லக் கசியவிட்டுவிடும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் விபத்து நடக்கிற தொழில் அது. ஒரு சேலை, ஒரு பாவாடை எந்த நூலில் நெய்தது என்பதைக்கூடப் பார்த்துத்தான் அங்கே பெண்கள் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது.

சுருக்கம் பிடிப்பதற்கும் பொறியைத் தடுப்பதற்கும் காரணம் ஒன்றேதான்: பருத்தியின் தாகம். இந்தக் கரிசல் மண்ணுக்கும் அதே குணம். மழையைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். கருங்கண்ணிப் பருத்தி விளைந்த மண் வேறு எப்படி இருக்கும்?

*

நீங்களே ஒன்று தைத்துப் பார்க்கலாமா? மெல்லிய பருத்தித் துணி, வாயிலோ மல்லோ, 44 அங்குல அகலத்தில் இரண்டே முக்கால் மீட்டர் வாங்குங்கள். முதலில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும், சாயமும் போகிற மட்டும் போகட்டும்.

மூன்று அடுக்கு. மேல் அடுக்குக்குத் துணியின் முழு அகலத்தில் 14 அங்குல உயரத் துண்டு ஒன்று. நடு அடுக்குக்கு 13 அங்குலத்தில் இரண்டு. கீழ் அடுக்குக்கு 14 அங்குலத்தில் நான்கு. கணக்கு சுலபம்: ஒன்று, இரண்டு, நான்கு. இடுப்புச் சுற்று பெரிதாக இருப்பவர்கள் மேலே ஒன்றுக்குப் பதில் ஒன்றரைத் துண்டு வைத்துக்கொண்டு, துணியையும் கால் மீட்டர் கூட்டி வாங்குங்கள். ஒவ்வோர் அடுக்கையும் வளையமாகத் தையுங்கள். நடு அடுக்கின் மேல் ஓரத்திலும், கீழ் அடுக்கின் மேல் ஓரத்திலும் மெஷினில் நீளத் தையலாக இரண்டு வரிசை ஓட்டி, நூலை இழுத்தால் சுருக்கு விழும். சுருக்கை ஒரே சீராகப் பரப்பி, மேலே உள்ள அடுக்கோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். இடுப்பில் மடித்துத் தைத்து நாடா கோத்து, கீழே ஓரம் மடித்தால் பாவாடை தயார். அடிச்சுற்று பதினான்கு அடிக்கு மேல் வரும்!

இனிதான் முறுக்கு. பாவாடையை நனைத்துப் பிழியுங்கள். ஒட்டடைக் கம்பு போதும். மூங்கில் கறை இறங்காமல் இருக்க, கம்பின்மேல் சுத்தமான வெள்ளைத் துணி ஒன்றைச் சுற்றிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் குழாய் இருந்தால் இன்னும் நல்லது. இடுப்புப் பகுதியைக் கம்பின் உச்சியில் கட்டி, துணியை மேலிருந்து கீழாக விரல்களால் கொசுவம் வைப்பது போல ஒதுக்கி ஒதுக்கிக் கம்பைச் சுற்றிச் சேருங்கள். நாலு விரற்கடைக்கு ஒரு கட்டு. நிழலில், காற்றோட்டமாக நிறுத்துங்கள். வெளியே காய்ந்ததாகத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். அவசரப்பட்டு அவிழ்த்தால் சுருக்கம் நிற்காது. இரண்டு நாள் விடுங்கள். அவிழ்த்தபின் மடித்து வைக்காமல் முறுக்கிச் சுருட்டி வையுங்கள். ஒவ்வொரு துவைப்புக்கும் திரும்ப இதே வேலைதான். சோம்பேறிகளுக்கான உடை இல்லை இது.

உடுத்தும்போது ஒன்று. கீழே இவ்வளவு விரிவு இருப்பதால் மேலே உடலோடு ஒட்டிய சட்டையோ, இடுப்போடு நிற்கும் குர்த்தாவோ பொருந்தும். தொளதொளச் சட்டை போட்டால் மூட்டை மாதிரி இருக்கும். நவஹோ பெண்கள் செய்தது போல இடுப்பில் ஒரு பெல்ட், கழுத்தில் ஒரு வெள்ளி மாலை போதும். நீளம் கணுக்காலுக்கு மேலேயே நிற்கட்டும். டூவீலரில் பின்னால் உட்காரும்போது பதினான்கு அடித் துணியையும் மடியில் அள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கு ஸ்டைல் தெரியாது.

*

அந்த வீட்டிலும் இதையே செய்தோம். ஒட்டடைக் கம்பில் பாவாடையைச் சுற்றியது நானும் அந்தப் பெண்ணும். ‘தள்ளுங்க’ என்று நடுவில் வந்து உட்கார்ந்தவர் அப்பத்தா. அறுபது வருஷம் சேலைக்குக் கொசுவம் வைத்த விரல்கள் அல்லவா? நாங்கள் கால் மணி நேரம் தடுமாறியதை நொடியில் செய்து முடித்தார். மடிப்பு ஒன்று விலகவில்லை. மூன்றாம் நாள் அவிழ்த்தபோது, கடையிலிருந்து வந்ததைவிட நன்றாகவே இருந்தது என்று பெண்ணே ஒத்துக்கொண்டாள்.

“இம்புட்டுத்தானா? இதுக்கா அம்புட்டுக் காசு குடுத்த?” என்றார் அப்பத்தா.

பதில் சொல்ல முடியவில்லை. உச்சிமேட்டில் தக்களி சுழற்றியவளுக்கும், சிறையில் காலிகோவைக் கத்தரித்தவளுக்கும், பஸ் நிலையத்தில் பாசிமணி விற்கிறவளுக்கும் அந்தக் காசு போய்ச் சேரவில்லை என்று மட்டும் தெரியும். இத்தனை நூற்றாண்டும் பட்டுக்குஞ்சமாக இருந்தவை அந்தக் கைகள்தான். நாம்தான் பெயரை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம்.